முதல் அபிப்பிராயம், நூற்றைம்பது சொற்களுக்குக் குறையாமல்

புது வண்டியின் மேல் போர்த்தியிருந்த பளபளப்பான துணியை உருவியதும் உறைக்காரர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எத்தனை கிலோ தாங்கும்?"

கைதட்டத் தயாராக நின்ற ஆறு ஊழியர்களின் கைகளும் அப்படியே அந்தரத்தில் நின்றன. புகைப்படக்காரர் கேமராவைத் தாழ்த்திக்கொண்டார். நீல டை கட்டிய அதிகாரி ஒருவர் புன்னகை ஒரு நூலளவும் குறையாமல் முன்னால் வந்தார்.

"சார், அது தொழில்நுட்பக் கேள்வி. அதுக்குத் தனிப் பிரிவு இருக்கு. இப்ப நீங்க ஆச்சரியம்தான் படணும்."

"எதுக்கு?"

"வண்டிக்கு சார்."

உறைக்காரர் வண்டியைப் பார்த்தார். முகப்பு அவர் நெஞ்சு உயரத்துக்கு இருந்தது. சக்கரம் இடுப்பளவு. பின்கதவில் 'மலைதாங்கி' என்று வெள்ளி எழுத்தில் பொறித்திருந்தார்கள். அவருடைய பழைய வண்டியின் பின்கதவு கயிற்றால் கட்டியது. அதை எண்ணிப் பார்த்துவிட்டு, மனதாரச் சொன்னார்.

"நல்லா இருக்கு."

அதிகாரி பெருமூச்சு விட்டார். துணியை மறுபடி போர்த்தி, மறுபடி உருவினார்கள். மூன்றாவது தடவை துணியிலிருந்த தூசி மூக்கில் ஏறி உறைக்காரருக்குத் தும்மல் வந்தது. அவர் வாயைப் பிளந்த அந்தக் கணத்தைப் புகைப்படக்காரர் பிடித்துக்கொண்டார். ஆறு பேரும் கைதட்டினார்கள். பழைய வண்டியை யாரோ பின்வாசல் வழியாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். உறைக்காரர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்ததை யாரும் படம் எடுக்கவில்லை.

அவருக்கு உறைக்காரர் என்று பெயர் வந்தது தொழிலால். கிணற்றுக்குள் மண் சரியாமல் இருக்க ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கும் சிமென்ட் வளையம்தான் உறை. ஒவ்வொன்றும் இருநூற்றைம்பது கிலோ. வார்த்து, காயவைத்து, கொண்டுபோய் இறக்கித் தருவது அவர் வேலை. எந்த உறையையும் வண்டியில் ஏற்றும் முன் கண்ணை மூடிக்கொண்டு விரல் முட்டியால் சுற்றிலும் தட்டிப் பார்ப்பார். 'டங்' என்றால் ஏற்றலாம். 'டொப்' என்றால் உள்ளே விரிசல், ஓரமாக உருட்டிவிட வேண்டியதுதான். "ஏங்க, கண்ணைத் திறந்துக்கிட்டே தட்டினா என்ன?" என்று மனைவி ஒருமுறை கேட்டாள். "கண்ணு ஏமாத்தும்," என்றார். அதற்கு மேல் பேசினால் வாய் வலிக்கும் என்பது போலப் போய்விட்டார்.

பேசுகிற பொறுப்பை வீட்டில் மனைவி எடுத்துக்கொண்டிருந்தாள். படிக்கிற பொறுப்பும் அவளுடையதுதான். உறை காயும் கொட்டகையில் ஒரு நாற்காலி போட்டு, நூலகத்துப் புத்தகங்களை அட்டை முதல் அட்டை வரை படித்து முடிப்பாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. பதினாலு உறைகள் பால்பண்ணைக்குப் போக வேண்டும். பண்ணையில் முப்பதடி தோண்டியாகிவிட்டது. மேல் பதினாலடியும் வெறும் பொடிமண். கீழே இரண்டு ஆட்கள் இன்னும் பாறை உடைத்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மழை என்று வானிலைக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். உறை இறங்காமல் மழை இறங்கினால் குழி மூடிக்கொள்ளும்.

சங்கிலிக் கப்பியான செயின் பிளாக்கால் முதல் உறையைத் தூக்கி, தட்டி, வண்டியில் வைத்தார். இஞ்சின் அணைந்தது. உள்ளேயிருந்து தேன் தடவிய பெண் குரல் ஒன்று பேசியது.

"வணக்கம். உங்கள் முதல் அபிப்பிராயம் இன்னும் எங்களை வந்து சேரவில்லை. அது வந்து ஏற்கப்படும் வரை இந்த வாகனம் அறிமுக நிலையில் இருக்கும். அறிமுக நிலையில் ஓட்டுநரையும் ஒரு பூங்கொத்தையும் ஏற்றலாம்."

உறைக்காரர் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை.

"யாருங்க அது?" என்று கேட்டபடி மனைவி வந்தாள்.

"வண்டி."

"என்ன கேக்குது?"

"அபிப்பிராயம்."

அவள் சிரித்தாள். "இருபது வருஷமா நானும் அதைத்தான் கேக்கறேன். எனக்கே கிடைக்கல. வந்து ஒரு நாள் ஆகல, அதுக்கு அவசரத்தைப் பாரு!"

வண்டியின் பெட்டிக்குள் தடிமனான படிவம் இருந்தது. நாற்பத்திரண்டு கேள்விகள். உறைக்காரர் உறைமேல் அதை வைத்து, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து எழுத ஆரம்பித்தார். 'வண்டியைக் கண்டதும் நினைவுக்கு வந்த விலங்கு எது?' எருமை. 'கதவைத் திறந்தபோது வந்த நறுமணம் எந்தப் பருவத்தை நினைவூட்டியது?' பிளாஸ்டிக். 'இந்த வண்டிக்கு முன் நீங்கள் வாழ்ந்த வாழ்க்கையை வாழ்க்கை என்று சொல்வீர்களா?' ஆமாம். கடைசிக் கேள்விக்கு இரண்டு பக்கம் வெற்றிடம் விட்டிருந்தார்கள். 'உங்கள் முதல் அபிப்பிராயம், நூற்றைம்பது சொற்களுக்குக் குறையாமல்.' அவர் எழுதினார்: நல்லா இருக்கு.

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. 'மதிப்பிற்குரிய உரிமையாளரே, உங்கள் வியப்பு வரம்புக்குக் கீழே உள்ளது. மேலும் நூற்று நாற்பத்தெட்டு சொற்கள் பாக்கி.'

"எடுங்க இப்படி," என்று மனைவி படிவத்தைப் பிடுங்கிக்கொண்டாள். வண்டியை இரண்டு தடவை சுற்றி வந்தாள். ஏறினாள், இறங்கினாள், உட்கார்ந்தாள், ஹாரன் அடித்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து நானூறு சொல் எழுதினாள். ஏறுகிற படி முழங்காலுக்கு மேலே இருக்கிறது, ஏறுபவர் ஏணியோடு வர வேண்டும் என்று எழுதினாள். பக்கவாட்டுக் கண்ணாடியில் தன் முகம் முழுசாகத் தெரிகிறது, பின்சக்கரம் மட்டும் தெரியவில்லை என்றாள். ஹாரன் யாரையோ தொந்தரவு செய்துவிட்டதற்கு மன்னிப்புக் கேட்பது போல ஒலிக்கிறது. குளிர்பான டப்பா வைக்கப் பதினொரு குழி இருக்கிறது, சரக்கைக் கட்டக் கயிறு மாட்ட ஒரு கொக்கிகூட இல்லை. 'இருக்கை மட்டும் மிக வசதி. தூங்கி விழுகிற அளவுக்கு வசதி. ஓட்டுநர் தூங்கலாமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்' என்று முடித்தாள்.

புதன்கிழமை காலையில் நீல டை அதிகாரியே நேரில் வந்துவிட்டார். கையில் அந்தக் கடிதம் இருந்தது. சில இடங்களில் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தார்கள்.

"அம்மா, அருமையா எழுதியிருக்கீங்க. ஆபீஸ்ல எல்லாரும் சுத்தி உக்காந்து படிச்சோம். ஆனா ஒரு சின்னக் குறை."

"என்ன?"

"இதுல அபிப்பிராயம் நிறைய இருக்கு."

"அபிப்பிராயம்தானே கேட்டீங்க?"

"முதல் அபிப்பிராயம் கேட்டோம்மா. நீங்க யோசிச்சிருக்கீங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "அதுவும் உரிமையாளர் சாருதானே? அபிப்பிராயம் அவருடையதா இருக்கணும். சார், நீங்க சொல்லுங்க, வண்டியைப் பார்த்தா இப்ப உள்ளுக்குள்ள என்ன தோணுது?"

உறைக்காரர் வண்டியைப் பார்த்தார். அதன்மேல் நேற்றிலிருந்து இறக்காமல் கிடந்த உறையைப் பார்த்தார்.

"லேட்டாவுது," என்றார்.

அதிகாரி அதை எழுதிக்கொண்டார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு முகம் வாடிப்போனார். "அடடா. நாற்பத்தெட்டு மணி நேரம் தாண்டிப்போச்சு சார். முதல் அபிப்பிராயம் காலாவதி. இனி நீங்க என்ன சொன்னாலும் அது ரெண்டாவது. ரெண்டாவது அபிப்பிராயத்துக்கு எங்ககிட்ட பிரிவே இல்லை."

"அப்ப வண்டி?" என்றாள் மனைவி.

"கவலைப்படாதீங்க. மறுமுதல் அபிப்பிராய முகாம்னு ஒண்ணு நடத்தறோம். நாளைக்கு இருக்கு. பார்த்துப் பழகிப்போன கண்ணை அங்க பழையபடி ஆக்கித் தருவோம்."

அவர் போன கையோடு பண்ணைக்காரரிடமிருந்து போன் வந்தது. "அண்ணே, உறை எங்கண்ணே? மேல்மண்ணு உதிர ஆரம்பிச்சிடுச்சு. கீழ இருக்கறவன் தலையில குல்லா மாதிரி இரும்புச் சட்டியைக் கவுத்துக்கிட்டு வேலை செய்யறான். மாடெல்லாம் குழிப் பக்கம் வந்து எட்டிப் பார்த்துட்டுப் போவுது."

"நாளைக்கு முகாம்," என்றார் உறைக்காரர்.

"யாருக்கு, மாட்டுக்கா?"

"எனக்கு."

"உடம்பைப் பார்த்துக்கங்கண்ணே," என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் பண்ணைக்காரர் போனை வைத்தார். மனைவி வாடகை வண்டிக்காரர்கள் ஏழு பேருக்குப் போன் செய்தாள். உறை என்ற சொல்லைக் கேட்டதும் ஏழு பேருக்கும் வேறு வேலை வந்துவிட்டது.

வியாழக்கிழமை முகாம். பெரிய கூடத்தில் முப்பது உரிமையாளர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் மடியிலும் கறுப்புக் கண்கட்டு, ஆள்காட்டி விரலில் இதயத் துடிப்பை அளக்கும் கிளிப். பக்கத்து நாற்காலியில் ஒரு காய்கறி வியாபாரி இருந்தார். அனுபவசாலி.

"எனக்கு இது நாலாவது தடவை அண்ணே. போன வாரம் எழுபத்திரண்டு மார்க். எண்பது வேணும். என் 'ஆஹா'வுல 'ஹா' கொஞ்சம் குட்டையாப் போச்சாம்."

"சரக்கு?"

"தக்காளிதான். கொட்டகையிலேயே அழுகிப்போச்சு. அதை நினைச்சு போன தடவை அழுதுட்டேன். ஆனந்தக் கண்ணீர்னு பத்து மார்க் சேர்த்துப் போட்டாங்க."

அப்போது முதல் அபிப்பிராயத் துறையின் தலைவர் மேடையேறினார். ஆள் உயரம் குறைவு, ஒலிபெருக்கி உயரம் அதிகம். அதனால் அவர் பேசியதெல்லாம் அண்ணாந்து வானத்திடம் முறையிடுவது போலவே இருந்தது.

"அன்பான உரிமையாளர்களே! வண்டியை யார் வேண்டுமானாலும் செய்யலாம். இரும்பு இருந்தால் போதும். நாங்கள் செய்வது முதல் பார்வை! இந்த மலைதாங்கியின் முகப்பை வடிவமைக்க அறுபது பேர் நான்கு ஆண்டுகள் உழைத்தார்கள். கதவு மூடும் ஓசைக்கு மட்டும் ஒன்பது பேர், அதில் இருவர் இசைக் கலைஞர்கள். பின்பக்கம் சரக்கு ஏற்றுகிற இடத்தை ஒருவரே கவனித்துக்கொண்டார், அதுவும் அரை நாள். ஏன்? பின்பக்கத்தை யாரும் முதலில் பார்ப்பதில்லை! சிலர் கேட்கிறார்கள், ஐந்து வருஷம் கழித்து வண்டி எப்படி இருக்கும் என்று. நண்பர்களே, ஐந்து வருஷம் கழித்து நான் வேறு துறையில் இருப்பேன்! எங்கள் நிறுவனம் உங்களை ஒருமுறை மட்டுமே சந்திக்கிறது. அந்த ஒரு முறை நீங்கள் வாயைப் பிளந்தால், எங்கள் கடமை முடிந்தது!"

எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டலுக்கும் இரண்டு மார்க் உண்டு என்று காய்கறி வியாபாரி காதைக் கடித்தார்.

பிறகு பயிற்சி. மூச்சை உள்ளே இழுத்து 'ஆ', வெளியே விட்டு 'ஹா'. இமையை எவ்வளவு உயர்த்துவது என்று சுவரில் படம் வரைந்திருந்தார்கள். உறைக்காரருடைய 'ஆஹா' மூட்டையைத் தோளிலிருந்து இறக்கி வைக்கும்போது வருகிற சத்தம் போலவே ஒவ்வொரு முறையும் வந்தது. பயிற்சியாளர் அவரைத் தனியே அழைத்து, "சார், நீங்க வாழ்க்கையில எதையாவது பார்த்து அசந்து போனதே இல்லையா?" என்று பரிதாபமாகக் கேட்டார். உறைக்காரர் நேர்மையாக யோசித்தார். பதில் வருவதற்குள் அவருடைய முறை வந்துவிட்டது.

கண்ணைக் கட்டினார்கள். இரண்டு பேர் தோளைப் பிடித்து நடத்திப் போனார்கள். பத்தடி முன்னால், முகாமுக்கென்று நிறுத்திய ஒரு மலைதாங்கி நின்றது. கட்டை அவிழ்க்கும்போது அவர் துள்ள வேண்டும். அதுதான் ஏற்பாடு.

ஆனால் கண் மூடியிருந்தால் உறைக்காரரின் கைக்கு ஒரே ஒரு வேலைதான் தெரியும். தோளைப் பிடித்தவர்களை உதறிவிட்டு முன்னால் போனார். கையில் இரும்பு பட்டது. அவ்வளவுதான், விரல் முட்டி தானாக மடங்கிக்கொண்டது. முகப்பைத் தட்டினார். டங். கதவைத் தட்டினார். டங், அதுவும் இசையோடு. பக்கவாட்டைத் தடவிக்கொண்டே பின்னால் போய், ஒரே எம்பில் மேலே ஏறி, மண்டி போட்டுத் தரையைத் தட்ட ஆரம்பித்தார்.

"வண்டியைத் தழுவுகிறார்!" என்று கீழேயிருந்து ஒருவர் பரவசத்தோடு குறிப்பெடுத்தார்.

முன்பக்கம் டங். ஒரு சாண் தள்ளி, டொப். இன்னும் ஒரு சாண், டொப். உறைக்காரரின் விரல் வேகமாக ஓடியது. டொப், டொப், டொப். பின்கதவுக்குப் பக்கத்தில் வந்தபோதுதான் மறுபடி டங். ஐந்து குறுக்குச் சட்டம் இருக்க வேண்டிய தரைக்கடியில் இரண்டுதான் இருந்தன, தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று. நடுவில் வெறும் தகடு. அதன்மேல் எட்டு உறையை, இரண்டாயிரம் கிலோவை, அடுக்கிக்கொண்டு ரோட்டில் போகிற காட்சி கண்கட்டுக்குள் அவருக்கு நன்றாகத் தெரிந்தது. இருபது வருஷத் தொழிலில் அவர் இப்படி அசந்து போனதில்லை.

"அய்யய்யோ!" என்று அலறினார்.

விரலில் இருந்த கிளிப் வீறிட்டது. சுவரில் பச்சை விளக்குகள் வரிசையாக எரிந்தன. மேலேயிருந்து வண்ணக் காகிதத் துண்டுகள் கொட்டின. தலைவரே ஓடி வந்தார்.

"நூறு! நூற்றுக்கு நூறு! துறை ஆரம்பிச்ச நாளிலிருந்து இப்படி ஒரு அசல் வியப்பு பதிவானதில்லை! சார், எப்படி சார்?"

உறைக்காரர் கண்கட்டை அவிழ்த்தார். தலையில் காகிதத் துண்டுகளோடு, அன்றுவரை ஒரே மூச்சில் பேசியிராத அளவுக்குப் பேசினார். "நடுவுல சட்டமே இல்லைங்க. வெறும் தகடு. பாரம் வெச்சா பொத்துக்கிட்டுப் போயிடும்."

தலைவர் சட்டென்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "சார், சார்! போதும்! அது ரெண்டாவது அபிப்பிராயம். நல்லா வந்திருக்கிற முதலாவதைக் கெடுத்துடாதீங்க!"

சான்றிதழைக் கையில் திணித்து வாசல் வரை வந்து வழியனுப்பினார்கள். வீட்டில் நின்ற அவர் வண்டி அறிமுக நிலையிலிருந்து விடுதலையானது. "வாழ்த்துக்கள். இனி நீங்கள் மலையையும் ஏற்றலாம்," என்றது தேன் குரல்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் உறைக்காரர் மலையை ஏற்றவில்லை. கொட்டகைக் கூரையைத் தாங்கிக்கொண்டிருந்த நான்கு மரச் சட்டங்களைக் கழற்றினார். அதுவரை அவற்றின் கீழே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த மனைவி, புத்தகத்தையும் நாற்காலியையும் எடுத்துக்கொண்டு பேசாமல் வெயிலுக்குப் போனாள். சட்டங்களை வண்டியின் நீளவாக்கில், முன் குறுக்குச் சட்டத்துக்கும் பின் குறுக்குச் சட்டத்துக்கும் பாலம் போலப் போட்டார். அதன்மேல் மூன்றே மூன்று உறை. இப்போது தகட்டின்மேல் ஒரு கிலோகூட விழாது. மனைவி முன்னால் ஏறிக்கொண்டாள், ஏணி வைத்துத்தான்.

பண்ணைக்காரர் குழியருகே இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார். "என்னண்ணே, ஹெவி டியூட்டி வண்டின்னு சொன்னாங்க. மூணு மூணா கொண்டாறீங்க? இதுக்கு என் மாட்டு வண்டி போதுமே!"

"பூங்கொத்து வண்டிங்க இது," என்றாள் மனைவி. "மூணு உறை ஏத்துறதே பெரிசு."

ஐந்து நடை போனார்கள். ஒவ்வொரு உறையும் சங்கிலியில் ஆடி ஆடிக் குழிக்குள் இறங்கியது. கீழேயிருந்து ஆட்கள் "விடு, விடு, நிறுத்து!" என்று குரல் கொடுத்தார்கள். நாலாவது நடையின்போது மேற்கே கறுத்தது. ஐந்தாவது நடையில் மீதியிருந்த இரண்டு உறைகளும் வந்தன. கடைசி உறை போய் உட்கார்ந்ததும் கீழே இருந்தவர்கள் இரண்டு பேரும் கயிறேறி மேலே வந்தார்கள், ஒருவர் தலையில் சட்டி அப்படியே இருந்தது. அந்தச் சட்டியின்மேல்தான் முதல் துளி விழுந்தது. டங்.

கொட்டுகிற மழையில் எல்லோரும் மாட்டுத் தொழுவத்துக்குள் ஓடி ஒதுங்கினார்கள். கிணறு அசையாமல் நின்றது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பண்ணைக்காரர் திரும்பினார். "சரிண்ணே, வண்டி எப்படி? உங்க அபிப்பிராயம் என்ன?"

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கண்ணைக் கட்டுற வரைக்கும்," என்றார் உறைக்காரர், "நல்லாத்தான் இருந்துச்சு."

அடுத்த மாதம் நெடுஞ்சாலையோரம் பெரிய விளம்பரப் பலகை எழுந்தது. தும்மலுக்காக உறைக்காரர் வாயைப் பிளந்து நிற்கும் படம், இரண்டு மாடி உயரத்துக்கு. கீழே: 'ஒருமுறை பார்த்தார். பேச்சிழந்தார்.' "இழக்கிறதுக்கு முதல்ல இருந்திருக்கணுமே," என்றாள் மனைவி. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வண்டியை நிறுத்தச் சொல்லி ஒரு நிமிஷம் பார்த்துச் சிரிப்பாள். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு இஞ்சினை அணைக்காமல் காத்திருப்பார்.

ஏழு வருஷம் கழித்து, வண்டியைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள அவள் தனியாக வண்டி நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போனாள். மர மேசைக்கு அந்தப் பக்கம் அதே அதிகாரி. டை சிவப்பாகியிருந்தது, பதவி உயர்வு. பலகையில் 'நிறைவு அபிப்பிராயப் பிரிவு' என்று எழுதியிருந்தது.

"உரிமையாளர் சார் வரலையாம்மா?"

"அவர் போய் நாலு மாசம் ஆச்சு."

"ஆழ்ந்த அனுதாபங்கள்," என்று அதிகாரி உண்மையாகவே தலையைக் குனிந்தார். பிறகு பேனாவை எடுத்துப் படிவத்தின் அடுத்த கேள்விக்குப் போனார். "எப்ப திரும்புவார்னு போடறது?"

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கே ஏதோ புரிந்து, அவசரமாக வேறொரு தாளை எடுத்து நீட்டினார். "அப்ப அவர் சார்பா நீங்க எழுதலாம்மா. நிறைவு அபிப்பிராயம், நூற்றைம்பது சொற்களுக்குக் குறையாமல். நீங்கதான் நல்லா எழுதுவீங்களே. உங்க பழைய கடுதாசியை இன்னும் வெச்சிருக்கோம்."

அவள் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இரண்டு பக்க வெற்றிடத்தின் உச்சியில் 'நல்லா இருந்துச்சு' என்று எழுதிப் பேனாவை மூடினாள்.

"மீதி?" என்றார் அதிகாரி.

"மீதியும் அதேதான்."

எழுந்திருக்கும் முன் கண்ணை மூடிக்கொண்டு, அந்தப் பெரிய மர மேசையை விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தாள்.

டொப்.